டாம் ஜோன்ஸ்: முதுமையில் கனிந்த குரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பனையும் வள்ளுவனையும் பற்றிக் கேட்டுப் பழகிய அவை இது. இந்த அவையிலே வேல்ஸ் நாட்டுப் பாடகர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊரை விட்டு வந்த இடத்தில் தமிழ் கேட்பதற்காகச் சங்கம் கண்ட நமக்கு இந்த ஆங்கிலப் பாட்டு எதற்கு என்று பெரியவர்களில் சிலர் எண்ணக்கூடும். இசைக்கு மொழி தடையில்லை என்று அதற்கு விடை சொல்வது வழக்கம். அந்த விடையைச் சொல்லி உங்கள் நேரத்தைப் போக்க நான் விரும்பவில்லை. நான் எடுத்துக்கொண்டது ஒரு வினா. ஒருவன் இளமையில் எந்த ஆற்றலால் புகழ் பெற்றானோ அந்த ஆற்றல் முதுமையில் மெல்ல மெல்ல அவனை விட்டுப் போகிறது. போன பிறகு அவனிடம் எஞ்சுவது யாது? இந்த வினாவுக்குத் தம் பாட்டினாலேயே விடை சொல்லியிருக்கிறார் டாம் ஜோன்ஸ். அதனால்தான் அவரைத் தேர்ந்தேன்.

அவருடைய பழைய பாடல்களை இங்குள்ள பலர் அறிவீர்கள். நான் பேச இருப்பது அவை பற்றி அன்று. அவர் எழுபதாம் வயதிலும் எண்பதாம் வயதிலும் பாடியவை பற்றி. ஆயினும் பின்னதன் அருமை விளங்க முன்னதைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1940-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தென் வேல்ஸிலே பாண்டிப்ரித் நகரை அடுத்த ட்ரிஃபாரஸ்ட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இயற்பெயர் தாமஸ் ஜான் உட்வர்ட். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கரியும் பாட்டும் அந்தப் பள்ளத்தாக்குகளின் இரு செல்வங்கள். வாரமெல்லாம் பூமிக்கு அடியில் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கூடி, நான்கு நிலைக் குரல்களாகப் பிரிந்து சேர்ந்திசை பாடுவார்கள். சிறுவன் தாமஸும் அங்கே பாடினான். பள்ளியில் ஒருநாள் கர்த்தருடைய ஜெபத்தை அவன் பாடக் கேட்ட ஆசிரியர், ஏன் இதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாட்டைப் போலப் பாடுகிறாய் என்று வியந்து கேட்டாராம். இதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டாம் வயதில் காசநோய் கண்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. அப்போது அவனுக்குத் துணையாக இருந்தவை சன்னலும் வானொலியும்தாம். நோய் நீங்கி எழுந்தவன் பதினாறாம் வயதிலேயே, 1957-இல், ஊர்ப் பெண்ணாகிய லிண்டாவை மணந்தான். அதே ஆண்டு மகன் மார்க் பிறந்தான். கையுறைத் தொழிற்சாலை, காகித ஆலை, கட்டட வேலை என்று பகலெல்லாம் உழைத்து, இரவில் தொழிலாளர் மன்றங்களில் பாடினார் டாம்.

இங்கே நமக்குச் சற்று நெருக்கமான ஒரு செய்தி உண்டு. அவரைக் கண்டெடுத்து லண்டனுக்கு அழைத்துச் சென்று, டாம் ஜோன்ஸ் என்று பெயர் சூட்டிப் புகழேணியில் ஏற்றிவிட்டவர் கார்டன் மில்ஸ் என்பவர். அந்த மில்ஸ் 1935-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் சென்னை! தந்தையார் ஆங்கிலேயப் படையில் இருந்தமையால் அங்கே பிறந்து, பிறகு வேல்ஸில் வளர்ந்தவர். அவர் பேணி வளர்த்த இன்னொரு பாடகரான எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பாரும் 1936-இல் சென்னையிலேயே பிறந்தவர். இதைக் கொண்டு டாம் ஜோன்ஸுக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது. சொல்லி மகிழலாம், அவ்வளவுதான்.

மில்ஸும் லெஸ் ரீட் என்பவரும் இயற்றிய 'இட்ஸ் நாட் அன்யூஷுவல்' என்ற பாடல் 1965 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதைக் கேட்ட அமெரிக்க வானொலி நிலையத்தார் சிலர், பாடுகிறவர் ஒரு கறுப்பினத்தவர் என்றே நம்பினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 'சோல்' என்று ஓர் இசை வகை உண்டு. ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும், வயலிலும் தெருவிலும் பிறந்த 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டும் 1950-களில் கலந்து உருவானது அது. ரே சார்ல்ஸ், சாம் குக், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோர் அதன் பெரும் பெயர்கள். இறைவனை நோக்கிப் பாடிய அதே குரலால் காதலியை நோக்கிப் பாடுவது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நெஞ்சைத் திறந்து கூவ வேண்டும். கூவுவதில் பொய் இருக்கக் கூடாது. வேல்ஸின் சேர்ந்திசையில் வளர்ந்த தொண்டைக்கு அது இயல்பாகவே வாய்த்தது.

அந்தத் தொண்டையின் வன்மைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1965-இல் வெளிவந்த 'தண்டர்பால்' என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கப் பாடலை அவர் பாடினார். அதன் இறுதியில் ஓர் உச்ச சுரம். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தவர், விடாமல் நிறுத்தி, பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது ஒலிப்பதிவு அறையே தம்மைச் சுற்றிச் சுழன்றதாகக் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. உலகம் அவரிடம் விரும்பிக் கேட்டது அந்த மூச்சைத்தான். 1969 முதல் 1971 வரை நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், லாஸ் வேகாஸ் மேடைகளிலும் ஆண்டுக் கணக்கில் அவர் அதையே வழங்கினார்.

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடுகிறேன். 1986-இல் மில்ஸ் மறைந்தார். மகன் மார்க் தந்தையின் நிர்வாகத்தை ஏற்றார். 1988-இல் 'கிஸ்' என்ற பாட்டும், 1999-இல் இளைய தலைமுறைப் பாடகர்களோடு சேர்ந்து வெளியிட்ட 'ரீலோட்' என்ற தொகுப்பும் பெரு வெற்றி பெற்றன. 2006-இல் எலிசபெத் அரசியார் 'சர்' பட்டம் அளித்தார். இந்த வெற்றிகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இவற்றை எல்லாம் கேட்கும்போது, இளமையை இரவல் வாங்கி உடுத்திக்கொண்ட ஒருவரையே நான் காண்கிறேன். தலைமுடியும் அப்போது கறுப்பாகத்தான் இருந்தது!

எழுபதை நெருங்கியபோது அவர் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் குரலுக்குச் சாயம் பூசுவதையும் நிறுத்தினார். இன்றைய என் பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

2010-இல் 'ப்ரெய்ஸ் அண்ட் ப்ளேம்' என்ற தொகுப்பு வெளிவந்தது. புகழ்ச்சியும் பழியும் என்பது பொருள். ஈதன் ஜான்ஸ் என்ற தயாரிப்பாளர் அதை உருவாக்கினார். வில்ட்ஷயரில் பாக்ஸ் என்னும் கிராமத்திலுள்ள 'ரியல் வேர்ல்ட்' ஒலிப்பதிவு நிலையத்தில் பணி நடந்தது. இக்காலத்தில் ஒலிப்பதிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மத்தளம் ஒருநாள், கிதார் ஒருநாள், குரல் வேறொரு நாள் என்று தனித்தனியே பதிந்து, பிசகியதைத் திருத்தி, எல்லாவற்றையும் ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். இங்கே அவ்வாறு செய்யவில்லை. ஒரு சிறு குழு ஒரே அறையில் கூடி அமர்ந்தது. பாடகர் நடுவில் நின்றார். எல்லாரும் ஒருங்கே இசைத்தார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பஜனை நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒளிந்துகொள்ள இடமில்லை. மூச்சு தளர்ந்தால் தளர்ந்ததுதான்.

பாடல்களோ பெரும்பாலும் பக்திப் பாடல்கள். அல்லது பாவமும் மனச்சான்றும் பற்றியவை. இதில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பெரும் பொருள் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்திருந்த இசைத்தட்டு நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் இப்பாடல்களைக் கேட்டுத் திடுக்கிட்டார். துள்ளலிசை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் தேவாலயப் பாட்டு வந்திருக்கிறதே, இது என்ன விளையாட்டா என்ற பொருள்பட உடன் பணியாற்றுவோருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் எப்படியோ செய்தித்தாள்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! வெளிவந்த தொகுப்போ பிரிட்டனின் வரிசையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

அந்த அதிகாரியை நாம் நகைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம். வயது முதிர்ந்த பாடகர் மேடை ஏறினால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாடியதை அன்று பாடியபடியே பாட வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். அவர் பாடுகிறார். அன்று போல் இல்லையே என்று பெருமூச்சு விடுகிறோம். வேறொன்றைப் பாடினாலோ, இதையா கேட்க வந்தோம் என்கிறோம். முதியவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இந்தச் சுவரை டாம் ஜோன்ஸ் எப்படிக் கடந்தார்? அத்தொகுப்பின் முதற்பாட்டைக் கேட்டால் தெரியும். பாப் டிலன் 1989-இல் வெளியிட்ட 'வாட் குட் ஆம் ஐ' என்ற பாடல் அது. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாதவனாய் இருந்தால் நான் எதற்கு உதவுவேன் என்று ஒருவன் தன்னையே விசாரித்துக்கொள்ளும் பாட்டு. பழைய டாம் ஜோன்ஸ் இதனை உச்சத்துக்குக் கொண்டுபோய் அரங்கை அதிரச் செய்திருப்பார். எழுபது வயது டாம் ஜோன்ஸ் மிகத் தாழ்ந்த சுருதியில், ஏறத்தாழப் பேசும் குரலில் பாடுகிறார். பின்னணியில் மத்தளம் நெஞ்சத் துடிப்பைப் போல மெல்ல ஒலிக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலே மூச்சு கேட்கிறது. முழக்கம் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருக்கிறோம். வருவதே இல்லை! உள்ளே ஒரு பெரிய குரல் இருப்பது நமக்குத் தெரிகிறது. அதை அவர் அடக்கி வைத்திருப்பதும் தெரிகிறது. தன்னைக் குற்றக் கூண்டில் நிறுத்திக்கொண்டவன் உரக்கப் பேசமாட்டான் அல்லவா? பாட்டின் பொருளே குரலின் அளவைத் தீர்மானித்துவிட்டது. இளமையிலே அவருடைய குரல் பாட்டை ஆண்டது. இங்கே குரல் பாட்டுக்குப் பணிகிறது.

எல்லாப் பாடல்களும் இப்படி அடங்கியவை என்று எண்ணிவிட வேண்டாம். ஜான் லீ ஹூக்கரின் 'பர்னிங் ஹெல்' என்ற பாட்டில் கிழப்புலி ஒருமுறை உறுமத்தான் செய்கிறது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்னும் அம்மையார் பாடிப் புகழ்பெற்ற 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ்' என்ற பாட்டில் உற்சாகம் பொங்குகிறது. ஆனால் இந்த உறுமல் வேறு. முன்னே அது கேட்போரை மயக்குவதற்காக எழுந்தது.

இப்பாடல்கள் அவருக்குப் புதியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ் வேகாஸில் எல்விஸ் பிரெஸ்லியும் இவரும் நண்பர்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு விடுதி அறையில் இருவரும் உட்கார்ந்து விடியும் வரை பக்திப் பாடல்களையே பாடுவார்களாம். மேடையிலே பணத்துக்குப் பாட்டு, அறையிலே தமக்காகப் பாட்டு! எல்விஸ் 1977-இல் 42-ஆம் வயதில் மறைந்துவிட்டார். முதுமையின் குரல் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அறைக்குள் பாடியதை அவைக்குக் கொண்டுவர டாம் ஜோன்ஸுக்கோ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஈதன் ஜான்ஸோடு சேர்ந்து 2012-இலும் 2015-இலும் இரு தொகுப்புகளை அவர் வெளியிட்டார். முன்னதில் லியோனார்ட் கோஹனின் 'டவர் ஆஃப் சாங்' என்ற பாட்டு ஒன்றே போதும். கோஹன் தம் குரலைத் தாமே கேலி செய்துகொண்டு எழுதியது அது. உண்மையிலேயே பொற்குரல் வாய்த்த ஒருவர் அதே பாட்டை, நரைத்த தலையோடு பாடும்போது கேலி மறைந்துபோகிறது. கணக்குத் தீர்க்கும் தொனி வந்துவிடுகிறது. பின்னதைத் தம் சுயசரிதை நூலுக்குத் துணையாக வெளியிட்டார். அதைப் பற்றி விரித்துரைக்க நேரம் இல்லை.

2016 ஏப்ரலில் அவர் மனைவியார் லிண்டா புற்றுநோயால் காலமானார். ஐம்பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கை. இல்லற நெறியில் டாம் ஜோன்ஸ் வழுவாதவர் என்று நான் சொன்னால் அது பொய். வழுவியதை அவரே மறைத்ததில்லை. அந்த அம்மையார் புகழின் வெளிச்சத்தில் நிற்க விரும்பாமல் வீட்டுக்குள்ளேயே பெரும்பாலான நாட்களைக் கழித்தவர். அவர் பட்ட துயரை நாம் அளக்க முடியாது. பாடகரின் பெருமையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. அவர் மறைந்தபின், இனித் தம்மால் பாட இயலுமா என்று டாம் ஜோன்ஸ் ஐயுற்றார். நான் விழும்போது நீங்களும் என்னோடு விழுந்துவிடக் கூடாது, பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பொருளில் மனைவியார் இறுதி நாட்களில் சொல்லிச் சென்றதை அவர் பின்னர்க் கூறியிருக்கிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2021 ஏப்ரலில் வெளிவந்த 'சரவுண்டட் பை டைம்' என்ற தொகுப்பைக் கேட்க வேண்டும். காலம் சூழ நிற்கிறேன் என்று அதற்குப் பொருள் கூறலாம். தயாரித்தவர்கள் ஈதன் ஜான்ஸும் மகன் மார்க்கும். முதற்பாட்டு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடி நின்ற பெர்னீஸ் ஜான்சன் ரீகன் என்னும் அம்மையார் இயற்றியது. நீ விழுந்தாலும் உன்னோடு சேர்ந்து நான் நொறுங்கமாட்டேன் என்பதே அதன் தலைப்பு. மறைந்த மனைவிக்குக் கொடுத்த வாக்கு வேறொருவர் இயற்றிய பாட்டாக முன்பே காத்திருந்திருக்கிறது! வாத்தியங்கள் அதிகம் குறுக்கிடாமல் ஒதுங்கி நிற்க, அந்தக் குரல் தனியே வருகிறது. அதில் அழுகை இல்லை. அழுது முடித்தவனுடைய நிதானம் இருக்கிறது. சோல் என்ற சொல்லுக்கு நான் முன்பு சொன்ன இலக்கணத்தை நினைவில் கொள்ளுங்கள்: கூவுவதில் பொய் இருக்கக் கூடாது. இங்கே கூவல் போய்விட்டது. பொய் இல்லாமை மட்டும் நிற்கிறது.

அதே தொகுப்பில் 'ஐ ஆம் க்ரோயிங் ஓல்ட்' என்று ஒரு பாடல் உண்டு. எனக்கு வயதாகிறது என்பது பொருள். பாபி கோல் என்ற பியானோ இசைஞர் இதை டாம் ஜோன்ஸிடம் கொடுத்தபோது அவர் முப்பதைச் சற்றே கடந்திருந்தார். இப்பாட்டைப் பாடும் வயது எனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்துக்கொண்டார். எத்தனை ஆண்டுகள்? ஏறத்தாழ ஐம்பது! எண்பதை எட்டியபின் எடுத்துப் பாடினார். இதைப் போன்ற பொறுமையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முப்பது வயதில் பாடியிருந்தால் அது நடிப்பாக இருந்திருக்கும்; நன்றாகவும் இருந்திருக்கும். பியானோவின் மெல்லிய துணையோடு அந்தக் கிழவர் பாடும்போது, ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து வைப்பது போல இருக்கிறது.

இத்தொகுப்பில் எனக்கு எல்லாமே பிடித்துவிட்டன என்று சொல்லமாட்டேன். சில பாடல்களில் மின்னணு ஒலிகளின் ஆரவாரம் மிகுதி. என் காதுக்கு அவை குரலை மறைப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் தொலைக்காட்சியின் வரலாற்றையே ஏளனம் செய்யும் ஒரு பாட்டில் அந்த ஆரவாரமும் பொருந்திவிடுகிறது. டாட் ஸ்னைடர் இயற்றியது. பாடாமல் பேசியே முடிக்கிறார். தொலைக்காட்சியால் புகழ் பெற்று, 2012-இலிருந்து 'த வாய்ஸ்' என்னும் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் பயிற்றுநர் நாற்காலியிலும் அமர்ந்தவர், அதே தொலைக்காட்சியைக் கேலி செய்கிறார். அந்தக் குறும்பை நான் மிகவும் ரசித்தேன்.

இத்தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. புதிய பாடல் தொகுப்பால் அவ்விடத்தை எட்டிய ஆண்களுள் மிக மூத்தவர் என்ற பெருமை 80 வயதில் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அப்பெருமையைப் பெற்றிருந்தவர், முன்பு நான் குறிப்பிட்ட அதே பாப் டிலன்.

பழைய பாடல்களை அவர் கைவிட்டுவிட்டாரா என்று இளைஞர்கள் கேட்கலாம். இல்லை. 1968-இல் புகழ்பெற்ற 'டிலைலா' என்ற பாட்டு, தன்னை வஞ்சித்த பெண்ணை ஒருவன் கொன்றுவிடும் கதையைச் சொல்வது. வேல்ஸ் நாட்டு ரக்பி ஆட்டங்களில் பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடுவது வழக்கமாக இருந்தது. 2023-இல், பெண்ணைக் கொல்வதைக் கொண்டாடுவது போல் இருக்கிறது என்று கூறி, கார்டிஃப் மைதானத்தில் பாடகர் குழுவினர் இனி அதைப் பாட வேண்டியதில்லை என ரக்பி நிர்வாகத்தார் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கார்டிஃபில் மேடையேறிய டாம் ஜோன்ஸ் அதை விடாமல் பாடினார். நிறுத்தியவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் ஒரு பாடகரிடம் அவருடைய பாட்டைப் பாடாதே என்று சொல்வதும் எளிதன்று. இதைப் பற்றி வீட்டுக்குப் போய் விவாதித்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். இனி நான் பேசுவதை விட அவர் பாடுவதே நலம். ஒலிபெருக்கிக்கு அருகில் நம் காலனி இளைஞர் இரண்டு பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். முதலில் 1965-இல் பாடிய 'தண்டர்பால்'. அதன் முடிவிலே அந்த நீண்ட சுரத்தைக் கவனியுங்கள். பிறகு ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, 2021-இல் பாடிய அந்த முதற்பாட்டு. இரண்டாவது ஒலிக்கும்போது விளக்கைச் சற்றுக் குறைத்தால் நன்று. குழந்தைகளை அமைதியாக இருக்கச் சொல்லுமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொண்டு, விடை பெறுகிறேன்.